மாற்றார் திடலில் மஞ்சள் சட்டை

"சேப்பாக்கத்தையே பார்க்காதவன் பெங்களூருக்குப் போய்க் கிரிக்கெட் பார்த்தானாம்!" என்று விடுதி நண்பர்கள் இன்றும் என்னைக் கேலி செய்வதுண்டு. கேலியில் உண்மை இல்லாமலில்லை. தஞ்சையில் பிறந்து வளர்ந்த நான் சென்னை சூப்பர் கிங்ஸ் அணியைச் சிறு வயதிலிருந்து தொலைக்காட்சியில் பார்த்து வருகிறேன். ஆனால் அந்த அணியை நேரில் முதன்முதலாகப் பார்த்தது அதன் சொந்தத் திடலில் அன்று. எதிரணியின் ஊரில், எதிரணியின் ரசிகர்கள் நடுவே. அந்த அனுபவம் எப்படிப்பட்டது, அங்கே போகிறவன் எதையெல்லாம் தெரிந்துகொண்டு போக வேண்டும் என்று பல நண்பர்கள் கேட்டதால் இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

தன் அணியின் வீட்டுத் திடலில் ஆட்டம் பார்ப்பது பெண் வீட்டார் பந்தியில் பெண் வீட்டாராகவே உட்காருவது போன்றது. யார் எழுந்து கத்தினாலும் நாமும் எழுந்து கத்தலாம். மாற்றார் திடலில் கதை வேறு. நம் ஆட்டக்காரர் நான்கு ஓட்டம் அடித்தால் முப்பதாயிரம் பேர் மௌனமாக இருக்கும்போது நாம் மட்டும் கை தட்ட வேண்டும். அவர்கள் அணி விக்கெட் எடுத்தால் நம்மைச் சுற்றிலும் ஆரவாரம். நாம் மட்டும் முழங்காலைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும். இதற்குப் பணமும் செலவழித்து இரவு முழுவதும் ரயிலிலும் போவார்களா என்று கேட்டால், போவார்கள். உலகெங்கும் போகிறார்கள்.

இங்கிலாந்தின் கால்பந்துத் திடல்களில் வெளியூர் ரசிகர்களுக்கென்று தனிப் பகுதியே உண்டு. பிரீமியர் லீக் விதிப்படி வருகை தரும் அணிக்கு 3,000 இருக்கைகள், அல்லது திடலின் கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு, இவற்றில் எது குறைவோ அது ஒதுக்கப்பட வேண்டும். 2016 முதல் அந்த இருக்கைகளுக்கு 30 பவுண்டு என்ற உச்சவரம்பும் வந்தது. தனி வாசலில் நுழைந்து, தனிப் பகுதியில் பாடி, காவலர் வழிகாட்டத் தனியாக வெளியேறுவார்கள். அமெரிக்காவின் பேஸ்பால் திடல்களில் இந்தப் பிரிவினை கிடையாது. இரு அணியின் ரசிகர்களும் தோளோடு தோள் உட்கார்ந்து சண்டையும் சிரிப்புமாக ஆட்டம் பார்ப்பார்கள். சிகாகோ நகரின் ரிக்லி திடலில் ஒரு வேடிக்கையான வழக்கம் உண்டு. எதிரணிக்காரர் அடித்த பந்து பார்வையாளர் பகுதியில் விழுந்தால், அதைப் பிடித்த உள்ளூர்க்காரர் நினைவுப் பொருளாக வீட்டுக்கு எடுத்துப் போகாமல் ஆட்டத்திடலுக்குள்ளேயே வீசி எறிந்துவிடுவார். 'உன் அணியின் சொத்து எனக்கு வேண்டாம்' என்று பொருள்! நம் நாட்டுக் கிரிக்கெட்டும் இந்த வகையில் பேஸ்பாலைப் போன்றதே. வெளியூர்க்காரனுக்கென்று தனி வேலி இல்லை. பக்கத்து இருக்கையில் யார் வந்து அமர்வார் என்பது அவரவர் அதிர்ஷ்டம்.

திடலும் திடலும் ஒன்றல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். சேப்பாக்கம் கடற்கரை ஊர்த் திடல். ஆடுகளம் காய்ந்து கிடக்கும். பந்து மெதுவாக வரும். சுழற்பந்து வீச்சாளர்களுக்குக் கொண்டாட்டம். பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்றின் அடர்த்தி குறைவு. அடித்த பந்து கூடுதல் தூரம் பறக்கும். எல்லைக்கோடும் அருகில். 2013 இல் கிறிஸ் கெய்ல் ஆட்டமிழக்காமல் 175 ஓட்டங்கள் எடுத்ததும் இங்கேதான்; 2024 ஏப்ரல் 15 அன்று ஐதராபாத் அணி 287 ஓட்டங்கள் குவித்ததும் இங்கேதான். அமெரிக்காவின் மலை நகரமான டென்வரிலும் பேஸ்பால் பந்துகள் இப்படியே பறக்கின்றனவாம். நம் வயல் மண்ணில் விளையும் ரகம் அடுத்த வட்டத்தில் விளைவதில்லையே. அதைப் போலத்தான் இதுவும். சேப்பாக்கத்தில் வெற்றி தரும் பந்துவீச்சு பெங்களூரில் அடிபட்டுச் சாகும். வீட்டுத் திடலின் பலத்தில் பாதி ரசிகர்களின் குரல் என்றால் மீதி மண்ணும் காற்றும்.

அந்தத் திடலுக்கு எம். சின்னசாமி பெயர். வழக்கறிஞர், 1977 முதல் 1980 வரை இந்தியக் கிரிக்கெட் வாரியத்தின் தலைவராக இருந்தவர். சேப்பாக்கத் திடலின் பெயருக்குரிய எம். ஏ. சிதம்பரமும் வாரியத் தலைவராக இருந்தவரே. சின்னசாமி என்று நம் பக்கத்தில் ஊருக்குப் பத்துப் பேர் இருப்பார்கள். எதிரியின் கோட்டைக்கு இப்படி ஒரு பெயரா என்று எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். சென்னை அணிக்கும் பெங்களூர் அணிக்கும் உள்ள போட்டி மற்ற அணிகளோடு உள்ள போட்டியைப் போன்றதா? சென்னை நகரத்து ரசிகனுக்கு அப்படி இருக்கலாம். டெல்டாக்காரனுக்கு அது முடிவதில்லை. நடுவே காவிரி ஓடுகிறது. சில ஆண்டுகளில் ஓடாமலும் இருக்கிறது.

2018 ஆம் ஆண்டை நினைத்துப் பாருங்கள். பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் இறுதித் தீர்ப்பு வழங்கியது. நடுவர் மன்றம் நமக்குத் தரச் சொன்ன 192 டி.எம்.சி. நீர் 177.25 ஆகக் குறைந்தது. குறைத்த 14.75 டி.எம்.சி.யில் 4.75 பெங்களூர் நகரத்தின் குடிநீர் முதலிய தேவைக்கென்று சொல்லப்பட்டது. தீர்ப்பைச் செயல்படுத்தும் அமைப்பை மத்திய அரசு ஆறு வாரத்தில் ஏற்படுத்தவில்லை என்று தமிழகம் கொந்தளித்தது. இரண்டு ஆண்டுத் தடைக்குப் பிறகு சென்னை அணி சேப்பாக்கத்துக்குத் திரும்பிய நாள் ஏப்ரல் 10. அன்று திடலுக்கு வெளியே மறியல். உள்ளே எல்லைக்கோட்டருகே செருப்பு வந்து விழுந்தது. மீதமிருந்த உள்ளூர் ஆட்டங்கள் எல்லாம் புனே நகருக்கு மாற்றப்பட்டன.

அப்போது ஒரு விந்தை நடந்தது. சொந்தத் திடலை இழந்த ரசிகர்கள் சுமார் ஆயிரம் பேர் சென்னையிலிருந்து 'விசில் போடு எக்ஸ்பிரஸ்' என்ற தனி ரயிலில் புனேக்குப் போனார்கள். தம் அணியின் 'உள்ளூர்' ஆட்டத்தைக் காண வெளியூர்ப் பயணம்! ஏப்ரல் 20 அன்று நடந்த அந்த ஆட்டத்தில் ஷேன் வாட்சன் 106 ஓட்டங்கள் எடுத்தார். ராஜஸ்தான் அணி 64 ஓட்டங்களில் தோற்றது. அடுத்த ஐந்தாம் நாள், ஏப்ரல் 25 அன்று, சென்னை அணி பெங்களூரிலேயே ஆடியது. காவிரியின் இரு கரையும் கொதித்துக்கொண்டிருந்த அந்த வாரத்தில், சின்னசாமித் திடலில் தோனி 34 பந்துகளில் 70 ஓட்டங்கள் அடித்துச் சென்னையை வெல்ல வைத்தார். அங்கே எந்தச் செருப்பும் விழவில்லை. நான் அப்போது பள்ளிச் சிறுவன். எங்கள் தெருவில் அன்று இரவு வெடி வெடித்தார்கள். ஆட்டத்தை நடத்தக் கூடாது என்று ஏப்ரல் 10 அன்று பேசியவர்களும் அந்த வெடிக் கூட்டத்தில் இருந்தார்கள். யாரையும் குறை சொல்லவில்லை. மனித மனம் அப்படி.

2024 மே மாதம். முதலாண்டுத் தேர்வு முடிந்த நேரம். பெங்களூரில் வேலை பார்க்கும் என் தாய்மாமன் தொலைபேசியில், "பதினெட்டாம் தேதி ஆட்டத்துக்கு இரண்டு டிக்கெட் கிடைத்துவிட்டது, கிளம்பி வா மாப்பிள்ளை" என்றார். வீட்டில் முதல் எதிர்ப்பு அப்பாயியிடமிருந்து வந்தது. 1991 டிசம்பரில் இடைக்காலத் தீர்ப்பையொட்டித் தமிழர்கள் தாக்கப்பட்டதை அவர் மறக்கவில்லை. 2016 செப்டம்பரில் தமிழ்நாட்டுப் பேருந்துகள் பெங்களூரில் எரிந்ததைத் தொலைக்காட்சியிலேயே பார்த்தவர். "போறதுதான் போற, அந்த மஞ்ச சட்டைய மாட்டிக்கிட்டுத்தான் போவணுமா?" என்றார். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அந்த ஆண்டு அவருக்கு எதிலும் பேச்சு எழவில்லை. 2023 ஜூன் 12 அன்று திறந்த மேட்டூர் அணையை அக்டோபர் 10 அன்றே மூடிவிட்டார்கள். குறுவையில் ஒரு பகுதி காய்ந்தது. சம்பா ஆழ்குழாய்க் கிணறு உள்ளவனுக்கு மட்டும் என்றாயிற்று. இந்த நிலையில் மகன் கிரிக்கெட் பார்க்கப் பெங்களூருக்குப் போகிறான் என்றால் எந்த அப்பாவுக்கு வாய் வரும்?

மயிலாடுதுறையிலிருந்து மைசூருக்குப் போகும் ரயிலில் ஏறினேன். பிற்பாடு அதைக் கடலூர் வரை நீட்டிவிட்டார்கள். கும்பகோணம், தஞ்சை, திருச்சி, கரூர், சேலம், ஓசூர், பெங்களூர், மண்டியா, மைசூர் என்று அது நிற்கும் ஊர்களை எண்ணிப் பாருங்கள். ஆற்றின் கடைமடையிலிருந்து தலைமடைக்குப் போகிற ரயில் அது! மாலையில் ஏறினால் பொழுது விடியும் வேளையில் பெங்களூர். அப்பாயி கட்டித் தந்த புளிச்சோறு குளித்தலை வருமுன்பே தீர்ந்துவிட்டது.

அந்தக் கோடையில் பெங்களூரும் தண்ணீருக்குத் தவித்துக்கொண்டிருந்தது. சுமார் 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து காவிரி நீரைக் குழாயில் ஏற்றிக் குடிக்கும் நகரம் அது. குழாய் போகாத புறநகர்களில் ஆழ்குழாய்க் கிணறுகள் வற்றிவிட்டன. மாமா குடியிருந்த வீட்டில் ஒரு நாளைக்கு இரண்டு வாளி என்று கணக்கு. சின்னசாமித் திடலின் புல்லுக்கே சுத்திகரித்த கழிவுநீரைத்தான் பயன்படுத்த வேண்டும் என்று ஏற்பாடு. நம் தண்ணீரையெல்லாம் இவர்கள்தான் குடிக்கிறார்கள் என்று ஊரில் டீக்கடையில் பேசியவன் நான். மாமா வீட்டில் அரை வாளியில் குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தபோது அந்தப் பேச்சு நினைவுக்கு வந்தது.

மெட்ரோ ரயிலில் கப்பன் பார்க் நிலையத்தில் இறங்கினால் திடல் எதிரிலேயே. வெளியூரிலிருந்து போகிறவர்கள் பை, தண்ணீர் பாட்டில் எதையும் கொண்டு போக வேண்டாம். வாசலில் நிறுத்திவிடுவார்கள், வைத்துவிட்டு வர இடம் தேடி அலைய நேரும். குறைந்தது இரண்டு மணி நேரம் முன்னதாகப் போவது நல்லது. நான் மஞ்சள் சட்டையைப் போட்டு, அதன்மேல் கறுப்புச் சட்டை ஒன்றையும் மாட்டியிருந்தேன். அப்பாயி சொல்லுக்குப் பாதி மரியாதை! உள்ளே போனதும் பார்த்தால் சிவப்புக் கடலின் நடுவே அங்கங்கே மஞ்சள் திட்டுகள். தோனிக்காக எந்த ஊர்த் திடலும் மஞ்சளாவது 2023 இல் கல்கத்தாவிலேயே கண்ட காட்சி. பெங்களூர் அவ்வளவு எளிதில் விட்டுக்கொடுக்கும் ஊரன்று. ஆனாலும் துணிவு வந்து மேல்சட்டையைக் கழற்றிவிட்டேன்.

எனக்கு வலப்புறம் அமர்ந்தவர் நடுத்தர வயதுக்காரர். சிவப்புச் சட்டை, நெற்றியில் திருநீறு, கூடவே பத்து வயது மகன். என் சட்டையைப் பார்த்துச் சிரித்துவிட்டு, கன்னடம் கலந்த தமிழில், "எந்த ஊரு தம்பி?" என்றார்.

"சென்னை" என்றேன்.

மாமா என்னைத் திரும்பிப் பார்த்தார். ஏன் பொய் சொன்னேன்? தஞ்சாவூர் என்றால் காவிரி. காவிரி என்றால் பேச்சு. பேச்சு என்றால் வம்பு என்று ஒரு கணத்தில் மனம் கணக்குப் போட்டுவிட்டது. யாரும் என்னை மிரட்டவில்லை. கேட்டவர் சிரித்துக்கொண்டுதான் கேட்டார். சொந்த ஊர்ப் பெயரை நானே விழுங்கிக்கொண்டேன்.

"ஈ சல கப் நம்தே" என்று நாலா பக்கமும் முழக்கம். இந்த முறை கோப்பை நமதே என்று பொருள். 'நம்தே' என்பதற்கும் 'நமதே' என்பதற்கும் எத்தனை தூரம், சொல்லுங்கள்! மொழி தெரியாத ஊர் என்று நினைத்துப் போன எனக்கு எதிரியின் போர்க்குரலே புரிந்தது.

மூன்று ஓவர்கள் முடிந்திருக்கும். பெங்களூர் 31 ஓட்டங்கள். வானம் பிளந்துகொண்டு மழை. ஆட்டம் போயிற்று என்றே நினைத்தேன். நம் கல்லூரித் திடலில் ஒரு மழை பெய்தால் இரண்டு நாள் பந்து உருளாது. அங்கேயோ மழை விட்ட சிறிது நேரத்தில் திடல் தயார். தரைக்கடியில் குழாய்கள் பதித்து, பெரிய இயந்திரத்தால் காற்றை இழுத்து, புல்லின் கீழ் நிற்கும் நீரை உறிஞ்சிவிடுகிறார்கள். 2017 இல் அதை அமைத்தபோது, கிரிக்கெட் திடல்களில் உலகிலேயே இது முதலாவது என்று அறிவிக்கப்பட்டதாம். பக்கத்துக்காரர்தான் இத்தனையையும் விளக்கினார். அவர் மகன் எனக்குப் பாதி சோளப்பொரி கொடுத்தான்.

ஆட்டத்தை விரித்துரைக்க வேண்டியதில்லை, பலரும் பார்த்திருப்பீர்கள். பெங்களூர் 218. எதிரணித் தலைவர் டூ பிளெசி 54 ஓட்டங்கள் எடுத்தார். பல ஆண்டு மஞ்சள் சட்டையில் ஆடியவர் அவர்! சென்னையின் முதல் பந்திலேயே ருதுராஜ் ஆட்டமிழந்தார். என் பின்வரிசை இளைஞர்கள் சிலர் என் தலைக்கு மேலே காகித உருண்டைகளை எறிந்து களித்தார்கள். திரும்பிப் பார்க்காமல் இருந்ததே நான் அன்று செய்த உருப்படியான காரியம். வெல்ல வேண்டியதில்லை, 201 ஓட்டங்கள் எடுத்தாலே சென்னை அடுத்த சுற்றுக்குப் போகும் என்ற நிலை. கடைசி ஓவரில் அதற்கு 17 தேவை. முதல் பந்தைத் தோனி திடலின் கூரையைத் தாண்டி அனுப்பினார். 110 மீட்டர் என்று பிறகு சொன்னார்கள். சின்னசாமி முழுவதும் ஒரு நொடி மூச்சு நின்றது. நான் மட்டும் நின்றுகொண்டு கத்தினேன். அடுத்த பந்தில் தோனி ஆட்டமிழந்தார். முடிவில் சென்னை 191. அத்தனை பேரின் ஆரவாரம் நெஞ்செலும்பில் வந்து இடிக்கும் என்று ஏட்டில் படித்திருக்கிறேன்; அன்றுதான் உணர்ந்தேன்.

தோற்றவன் முதலில் செய்ய வேண்டியது உட்கார்ந்தே இருப்பது. வென்றவர்களின் வெள்ளத்தோடு வாசலுக்கு ஓடினால் கேலியும் நெரிசலும் சேர்ந்து கிடைக்கும். நாங்கள் அரை மணி நேரம் இருக்கையிலேயே இருந்தோம். பக்கத்துக்காரரும் சிறுவன் தூங்கி விழுந்ததால் எழவில்லை. அவர் என் தோளைத் தட்டி, "அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்றார். எனக்கு என்ன தோன்றிற்றோ, "நான் சென்னை இல்லைங்க, தஞ்சாவூர்" என்றேன்.

அவர் என்னைச் சற்று நேரம் பார்த்தார். "நான் மண்டியா" என்றார். பிறகு, "உங்களுக்குத் தண்ணி எப்ப நிறுத்தினாங்க?" என்று கேட்டார். அக்டோபரில் என்றேன். எத்தனை ஏக்கர், என்ன நெல் என்று விசாரித்தார். தமக்குக் கோடைப் பயிருக்குத் தண்ணீர் கிடைக்கவில்லை, கரும்பு கட்டையிலேயே காய்ந்துபோயிற்று என்றார். யார் பக்கம் நியாயம் என்ற பேச்சை அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. எடுத்திருந்தால் ஒத்துப்போயிருப்போமா என்பது சந்தேகமே. என் அப்பா ஒப்புக்கொள்ளாத பல கணக்குகள் அவரிடம் இருந்திருக்கும். மாமாவும் அவரும் தொலைபேசி எண்களை மாற்றிக்கொண்டார்கள்.

விருந்தினன் மட்டும் நன்றாக நடந்தால் போதாது, வீட்டுக்காரனும் நடக்க வேண்டும். அதற்கு நம் சேப்பாக்கத்தையே சான்று காட்டலாம். 1999 ஜனவரி 31 அன்று பாகிஸ்தான் அணி அங்கே இந்தியாவை 12 ஓட்டங்களில் வென்றது. டெண்டுல்கர் வலியோடு ஆடி 136 எடுத்தும் தோல்வி. கண்ணீரோடு நின்ற கூட்டம் எழுந்து கை தட்ட, வாசிம் அக்ரமின் அணி திடலைச் சுற்றி ஓடி அந்த மரியாதையை ஏற்றுக்கொண்டது. சென்னை ரசிகர் என்றால் உலகம் இன்றும் இதைத்தான் சொல்கிறது. 2018 இல் செருப்பு விழுந்ததும் அதே திடல்தான் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

இன்னொன்று, இது விளையாட்டன்று. 2025 ஜூன் 3 அன்று பெங்களூர் அணி பதினெட்டாம் முயற்சியில் முதன்முறையாகக் கோப்பையை வென்றது. மறுநாள் பாராட்டு விழாவுக்குச் சின்னசாமித் திடலின் வாசல்களில் திரண்ட கூட்ட நெரிசலில் 11 பேர் உயிரிழந்தார்கள். அங்கே நடப்பதாக இருந்த மகளிர் உலகக் கோப்பை ஆட்டங்கள் பின்னர் நவி மும்பைக்கு மாற்றப்பட்டன. செய்தி வந்த மாலையில் மாமா முதலில் அழைத்தது மண்டியாக்காரரைத்தான். அவரும் மகனும் ஊரிலேயே இருந்தார்கள். சிறுவன் போக வேண்டுமென்று அழுதானாம்; இவர் அழைத்துப் போகவில்லையாம். நுழைவுச் சீட்டு கையில் இல்லாமல் எந்தத் திடலின் வாசலுக்கும் போகாதீர்கள். கூட்டம் நெருக்கத் தொடங்கினால் முன்னேறப் பார்க்காமல் ஓரமாக விலகி வெளியேறுங்கள். உடன் வந்தவர்களோடு, பிரிந்தால் எங்கே சந்திப்பது என்று முன்னமே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

ஊர் திரும்பியதைச் சொல்லவில்லையே! திங்கட்கிழமை விடியற்காலையில் வீடு வந்து சேர்ந்தபோது அப்பாயி வாசல் தெளித்துக்கொண்டிருந்தார். சட்டையில் கிழிசல் இருக்கிறதா என்று சுற்றிச் சுற்றிப் பார்த்தார். ஆட்டத்தில் தோற்றுவிட்டோம் என்றேன். அதை அவர் காதில் வாங்கவில்லை. மழையையும், தரைக்கடியில் இருந்து நீரை உறிஞ்சும் இயந்திரத்தையும் சொன்னபோதுதான் வாளியைக் கீழே வைத்தார்.

"எவ்வளவு நேரத்துல வடிஞ்சுது?"

"கொஞ்ச நேரந்தான் அப்பாயி."

"ஐப்பசி மழையில நம்ம கீழ வயலு பத்து நாளு முங்கிக் கெடக்குதே, அதுக்கு ஒண்ணு வெல என்னன்னு கேட்டுக்கிட்டு வந்திருக்கலாமுல்ல?" என்றார்.